கைநாட்டும் கணிப்பொறியும்

(வளர் கல்வி மையத்தில் நிகழ்த்திய உரை)

உங்களில் பலர் முன்பு கைநாட்டு வைத்தவர்கள். ரேஷன் கடையில் வைத்தீர்கள். கடன் பத்திரத்தில் வைத்தீர்கள். கட்டை விரலில் மை தடவினார்கள். காட்டிய இடத்தில் அழுத்தினீர்கள்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது? உங்களுக்குத் தெரியாது. படித்தவர் சொன்னதுதான் உங்களுக்கு உண்மை. அவர் ஐந்நூறு என்றால் ஐந்நூறு. தாளில் ஐயாயிரம் என்று இருந்தாலும் உங்களுக்குத் தெரிய வழியில்லை.

இன்று நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறீர்கள். "கொஞ்சம் இருங்கள், படித்துப் பார்த்துப் போடுகிறேன்" என்று சொல்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் பாடுபட்டீர்கள்.

இப்போது ஒரு செய்தி கேளுங்கள். பட்டம் பெற்ற பெரிய எஞ்சினியர்களும் கைநாட்டு வைக்கிறார்கள். நம்ப முடிகிறதா? அது எப்படி? அந்தக் கைநாட்டை வேண்டாம் என்று சொன்ன சிலர் என்ன செய்தார்கள்? அதுதான் இன்றைய பேச்சு.

மல்லேஸ்வரம்

கர்நாடக மாநிலத்தின் தலைநகரம் பெங்களூர். அங்கே மல்லேஸ்வரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. காடு மல்லேஸ்வரர் கோயிலால் வந்த பெயர் அது. பின்னாளில் தஞ்சாவூரை ஆண்ட ஏகோஜி என்ற மராட்டிய மன்னர் 1669-ல் அந்தக் கோயிலுக்கு ஒரு கிராமத்தைக் கொடுத்தார். அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கல்லில் ஏன் வெட்டினார்கள்? வருகிறவர், போகிறவர் யாரும் படிக்கலாம். பின்னால் வருகிறவர்கள் மாற்றிச் சொல்ல முடியாது.

1898-ல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. நெருக்கமான தெருக்களில் இருந்தவர்கள் காற்றோட்டமான இடம் தேடினார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்ததுதான் மல்லேஸ்வரம். நேர் நேரான குறுக்குத் தெருக்கள். நிறைய மரங்கள். முக்கியமான ஒரு தெருவுக்குச் சம்பிகே ரோடு என்று பெயர். சம்பிகே என்றால் கன்னடத்தில் செண்பகம். எட்டாவது குறுக்குத் தெருவில் பூவும் பழமும் காய்கறியும் விற்கிறார்கள். அங்கே கன்னடம், தமிழ், தெலுங்கு எல்லாம் காதில் விழும்.

மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்தில்தான் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. 1909-ல் தொடங்கியது. ஊர் மக்கள் அதை டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றுதான் சொல்வார்கள். ஜாம்ஷெட்ஜி டாட்டா என்ற தொழிலதிபர் கண்ட கனவு அது. மைசூர் மகாராஜா அதற்கு நிலம் கொடுத்தார்.

இந்தப் பகுதியில் கணிப்பொறி எஞ்சினியர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அவர்களின் வேலை என்ன?

கணிப்பொறிக்குப் பக்குவம்

கணிப்பொறிக்குத் தானாக எதுவும் தெரியாது. ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். புது மருமகளுக்கு மாமியார் குழம்புப் பக்குவம் சொல்வது போல. "முதலில் புளியைக் கரை. பிறகு மிளகாய்ப் பொடி போடு. கொதித்ததும் இறக்கு." இப்படி வரி வரியாகச் சொல்ல வேண்டும். கணிப்பொறிக்குச் சொல்லும் இந்தப் பக்குவத்துக்கு மென்பொருள் என்று பெயர். அதை எழுதுகிறவர் மென்பொருள் எஞ்சினியர்.

அவர் காலையில் சாங்கி ஏரிக்கரையில் நடப்பார். சம்பிகே ரோட்டில் காபி குடிப்பார். பிறகு கணிப்பொறி முன்னால் உட்காருவார். பக்குவத்தை எழுதுவார். ஓட்டிப் பார்ப்பார். தப்பு வரும். எங்கே தப்பு என்று தேடுவார். திருத்துவார். மறுபடி ஓட்டுவார். மறுபடி தப்பு வரும். ஒரு புள்ளி விட்டுப் போனால் போதும், எல்லாம் நின்றுவிடும். அன்றாட வேலை இதுதான். எழுத்துக் கூட்டிப் படித்த நாட்களில் நீங்கள் பட்ட பாடும் அவர் படும் பாடும் ஒன்றுதான்.

அவர்களில் சிலருக்கு ஓர் ஆசை உண்டு. புதிதாக எந்தக் கருவி வந்தாலும் வாங்கிப் பார்ப்பார்கள். ரேடியோ, கேமரா, கைபேசி, கைக்கடிகாரம் எதுவானாலும் சரி. வாங்கியதும் திருப்புளியை எடுத்துவிடுவார்கள். "உள்ளே என்ன இருக்கிறது? எப்படி வேலை செய்கிறது?" இந்தக் கேள்வி அவர்களைத் தூங்க விடாது. வீட்டில் இருப்பவர்கள் திட்டுவார்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள்.

கருவியின் மூடியைத் திருப்புளியால் கழற்றலாம். உள்ளே இருக்கும் மென்பொருளை என்ன செய்வது? அங்கேதான் சிக்கல்.

எஞ்சினியர் பக்குவத்தை எழுதும்போது அது மனிதர் படிக்கும் எழுத்தில் இருக்கும். பிறகு அதை இயந்திரம் படிக்கும் எண்களாக மாற்றுகிறார்கள். வெறும் ஒன்றும் பூஜ்யமும்தான். பல கம்பெனிகள் அந்த எண்களை மட்டும்தான் விற்கின்றன. முதலில் எழுதிய பக்குவத்தைப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. கடையில் மசாலாப் பொடிப் பாக்கெட் வாங்குகிறீர்கள். அரைத்த பிறகு உள்ளே என்னென்ன போட்டார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? அது போலத்தான் இதுவும்.

அதை வாங்கிப் போட்டதும் திரையில் பக்கம் பக்கமாக எழுத்து ஓடும். கீழே "சம்மதம்" என்று ஒரு பொத்தான் இருக்கும். எஞ்சினியரும் அதை அழுத்துகிறார். உள்ளே இருக்கும் மென்பொருள் என்ன செய்யும் என்று அவரால் படித்துப் பார்க்க முடியாது. கம்பெனி சொன்னதுதான் அவருக்கு உண்மை. அப்படியானால் அந்த அழுத்து என்ன? அதுவும் கைநாட்டுதான்.

ஓர் அச்சு இயந்திரத்தின் கதை

இந்தக் கைநாட்டை எதிர்த்தவர் அமெரிக்காவில் ஒருவர். பெயர் ரிச்சர்ட் ஸ்டால்மன். எம்.ஐ.டி. என்ற பெரிய கல்வி நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். சுமார் 1980-ல் அங்கே கணிப்பொறியோடு இணைந்த புதிய அச்சு இயந்திரம் ஒன்று வந்தது. நல்ல இயந்திரம்தான். ஆனால் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். இயந்திரமோ வேறு மாடியில் இருந்தது. அச்சாகிவிட்டது என்று நினைத்துப் போய்ப் பார்த்தால், காகிதம் சிக்கி எல்லாம் நின்று கிடக்கும்.

பழைய இயந்திரத்திலும் இதே தொல்லை இருந்தது. அதற்கு ஸ்டால்மன் ஒரு வழி செய்திருந்தார். காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்களின் கணிப்பொறிக்குச் செய்தி போகும். யாராவது ஒருவர் போய் எடுத்துவிடுவார். பழைய இயந்திரத்தின் பக்குவம் அவர் கையில் இருந்தது. அதனால்தான் அவரால் அப்படிச் செய்ய முடிந்தது.

புதிய இயந்திரத்தின் பக்குவத்தை யாரும் தரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதாகக் கேள்விப்பட்டார். நேரில் போய்க் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். "யாருக்கும் தர மாட்டேன்" என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

ஸ்டால்மனுக்குச் சுருக்கென்றது. ஒரு சின்னப் பழுதைச் சரி செய்யத் தெரியும். அதற்கு அவர் கூலி கேட்கவில்லை. ஆனாலும் செய்ய விடவில்லை. அறிவைப் பூட்டி வைத்தால் இதுதான் நடக்கும்.

1983-ல் அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். எல்லோரும் படித்துப் பார்க்கக்கூடிய மென்பொருளை எழுதப்போவதாகச் சொன்னார். அதற்குக் குனு என்று பெயர் வைத்தார். அவர் கேட்ட உரிமைகள் நான்கு. மென்பொருளை எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், மாற்றலாம். மற்றவருக்குக் கொடுக்கலாம். மாற்றியதையும் மற்றவருக்குக் கொடுக்கலாம்.

1991-ல் பின்லாந்து நாட்டில் ஒரு கல்லூரி மாணவர் இந்த வேலைக்குத் தோள் கொடுத்தார். பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். வயது 21. கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருளின் உள்பகுதியை அவர் எழுதினார். அதற்கு லினக்ஸ் என்று பெயர். பல நாட்டவர் அதைப் படித்தார்கள். தப்புக் கண்டார்கள். திருத்தி அனுப்பினார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தது.

இப்படிப்பட்ட மென்பொருளைத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். திறந்த மூல மென்பொருள் என்றும் சொல்வார்கள். இதைச் சும்மா கிடைப்பது என்று மட்டும் நினைக்க வேண்டாம். விலைக்கும் விற்கலாம். பூட்டு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எழுதத் தெரியாதவருக்கு ஒரு கருவி

இப்போது மறுபடி மல்லேஸ்வரத்துக்கு வருவோம்.

1998-ல் பெங்களூரில் ஒரு கருத்தரங்கு நடந்தது. ஏழை நாடுகளுக்குக் கணிப்பொறியால் என்ன பயன் என்று பேசினார்கள். அன்று கணிப்பொறியின் விலை அதிகம். அதை இயக்க ஆங்கிலம் தெரிய வேண்டும். முதலில் எழுத்தே தெரிய வேண்டும். நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்கு எழுத்துத் தெரியாது. அவர்களுக்கு இது எப்படிப் பயன்படும்?

இந்திய அறிவியல் கழகத்துக் கணிப்பொறித் துறை ஆசிரியர்கள் நான்கு பேர் இதைப் பற்றி யோசித்தார்கள். விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் என்பவர்கள் அவர்கள். பெங்களூரின் என்கோர் என்ற கம்பெனியைச் சேர்ந்த எஞ்சினியர்களும் அவர்களுடன் சேர்ந்தார்கள். 1999-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். கையில் அடங்கும் கணிப்பொறி ஒன்றைச் செய்தார்கள். 2001 ஏப்ரலில் அதை உலகத்துக்குக் காட்டினார்கள்.

அதன் பெயர் சிம்ப்யூட்டர். எளிய, மலிவான, பல மொழி தெரிந்த மக்கள் கணிப்பொறி என்பது அந்தப் பெயரின் பொருள்.

அதில் தட்டச்சுப் பலகை இல்லை. படங்கள் இருக்கும். ஒரு குச்சியால் படத்தைத் தொட்டால் போதும். திரையில் இருக்கும் எழுத்தை அது வாய்விட்டுப் படிக்கும். கன்னடம், இந்தி போன்ற நம் மொழிகளில் பேசும். உள்ளே ஓடியது லினக்ஸ்.

ஆளுக்கு ஒன்று வாங்க வசதி இல்லையே? அதற்கும் ஒரு வழி செய்தார்கள். ஊருக்கு ஒரு கருவி இருந்தால் போதும். ஆளுக்கு ஒரு சின்ன அட்டை. உங்கள் அட்டையைச் சொருகினால் உங்கள் கணக்கு வரும். பார்த்துவிட்டு அட்டையை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் தன் அட்டையைச் சொருகுவார். ஊர்க் கிணறு ஒன்று, குடம் அவரவருடையது. அது போலத்தான்.

இன்னொன்றும் செய்தார்கள். கருவியை எப்படிச் செய்வது என்ற வரைபடத்தையும் திறந்து வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டணம் கட்டிவிட்டுக் கம்பெனிகள் அதைச் செய்து விற்கலாம். மேம்படுத்தினால், அந்த மேம்பாட்டை எல்லோருக்கும் திருப்பித் தர வேண்டும். மென்பொருளுக்கு ஸ்டால்மன் கேட்டதை இவர்கள் கருவிக்கும் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2001-ன் சிறந்த புதுமைகளில் ஒன்றாக இதைப் பாராட்டியது.

கனவும் கணக்கும்

பாராட்டு வந்தது. பிறகு என்ன ஆயிற்று?

கடைக்கு வர 2004 ஆகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் அரசு நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தயாரித்தது. அமிடா சிம்ப்யூட்டர் என்று பெயர். குறைந்த விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. கூலி வேலை செய்கிறவருக்குப் பத்தாயிரம் என்பது எத்தனை மாதச் சம்பாத்தியம்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கர்நாடகத்தில் நில விவரங்களைப் பதிவு செய்யும் வேலையில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அங்கங்கே வேறு சோதனைகளும் நடந்தன. ஆனால் ஊர் ஊராகப் பரவவில்லை. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதே காலத்தில் கைபேசியின் விலை மளமளவென்று இறங்கியது. மக்கள் அதை வாங்கினார்கள். கைபேசியில் முதலில் எழுத்தை விடப் பேச்சுதானே முக்கியம்? எழுதத் தெரியாதவரும் துபாயில் இருக்கும் மகனோடு பேசினார். சில ஆண்டுகளில் சிம்ப்யூட்டர் கடையை விட்டே போய்விட்டது.

தோல்விதான். அதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல எண்ணம் மட்டும் போதாது. விலையும் வேண்டும். வேளையும் வேண்டும்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை.

குரல் பிழைத்தது

சிம்ப்யூட்டருக்குக் குரல் கொடுக்க ஒரு மென்பொருள் எழுதினார்கள். பெயர் த்வனி. த்வனி என்றால் ஒலி. ரமேஷ் ஹரிஹரனும் அவருடைய குழுவும் அதைச் செய்தார்கள். அது எப்படிப் படிக்கும்? சின்னச் சின்ன ஒலித் துண்டுகளை முதலில் பதிவு செய்து வைப்பார்கள். கணிப்பொறி எழுத்தைப் பார்க்கும். அதற்குரிய ஒலித் துண்டை எடுக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டும். சொல் வரும். நீங்கள் "அ-ம்-மா, அம்மா" என்று கூட்டிப் படித்தீர்களே, ஏறக்குறைய அப்படித்தான்.

த்வனியின் பக்குவம் பூட்டப்படவில்லை. கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் என்ற மென்பொருள் எஞ்சினியர் அதை எடுத்துப் படித்தார். யாரிடமும் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. திருத்தினார். வளர்த்தார். மலையாளம் சேர்ந்தது. தமிழ், தெலுங்கு, வங்காளம், குஜராத்தி என்று மொழிகள் கூடின.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். மூடி வைத்த பொருளாக இருந்தால், கருவி விற்காமல் போன அன்றே குரலும் செத்திருக்கும். திறந்து வைத்ததால் பக்கத்து மாநிலத்து இளைஞர் ஒருவர் அதைப் பிழைக்க வைத்தார். மரம் விழுந்தது. விதை வேறு நிலத்தில் முளைத்தது.

இதே வழியில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் கண் பார்வை இல்லாதவர். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு அப்போது விலை அதிகம். 2006-ல் அவரே அப்படி ஒன்றை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் என்.வி.டி.ஏ. அதையும் திறந்து வைத்தார். காசு கேட்கவில்லை. இன்று பல நாடுகளில் பார்வையற்றவர்கள் அதைக் கொண்டு படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அது தமிழிலும் படிக்கும்.

உங்கள் கையில் இருக்கும் போன்

இன்று உங்களில் பலரிடம் தொடுதிரைக் கைபேசி இருக்கிறது. பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போனாக இருக்கும். அதன் அடித்தளம் என்ன தெரியுமா? பின்லாந்து மாணவர் தொடங்கிய அதே லினக்ஸ். உலகம் கூடி எழுதியதில் ஒரு பங்கு உங்கள் முந்தானை முடிச்சில், உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் அதன் மேல் ஓடும் செயலிகள் பலவும் பூட்டியவைதான்.

அந்தப் போன் பேசுகிறது. கேட்டால் பதில் சொல்கிறது. படித்துக் காட்டுகிறது. கடையில் இருக்கும் பெட்டி "பத்து ரூபாய் வந்தது" என்று சொல்கிறது. அப்படியானால் இனிமேல் படிப்பு எதற்கு என்று சிலர் கேட்பார்கள்.

படிப்பு இன்னும் அதிகமாக வேண்டும். ஏன்? முன்பு பத்திரத்தை வேறொருவர் படித்துச் சொன்னார். இப்போது இயந்திரம் படித்துச் சொல்கிறது. ஆள்தான் மாறியிருக்கிறார். சொல்வது சரியா என்று பார்க்க வேண்டியவர் மாறவில்லை. அது நீங்கள்தான்.

உங்களுக்குப் பணம் அனுப்புவதாக ஒருவர் போனில் சொல்வார். "ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்பார். போடாதீர்கள். பணம் வாங்க ரகசிய எண் தேவையில்லை. பணம் கொடுக்கத்தான் தேவை. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நிமிடம் படித்துப் பாருங்கள். ஓ.டி.பி. எண்ணை வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

"சம்மதம்" என்ற பொத்தானும் அப்படித்தான். ஒரு செயலி உங்கள் படங்களைக் கேட்கும். உங்கள் சொந்தக்காரர்களின் எண்களைக் கேட்கும். கடன் கொடுக்கும் செயலிக்கு உங்கள் மகளின் படம் எதற்கு? கேளுங்கள். சரியான காரணம் இல்லையென்றால் அழுத்தாதீர்கள். புரியாவிட்டால் மையத்துக்கு எடுத்து வாருங்கள். நான்கு பேர் சேர்ந்து படிக்கலாம்.

மல்லேஸ்வரத்து எஞ்சினியர் கருவியின் மூடியைத் திறக்கிறார். உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும் என்கிறார். நீங்கள் பத்திரத்தைக் கையில் வாங்குகிறீர்கள். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறீர்கள். அவர் படித்த படிப்பு பெரிது. உங்கள் படிப்பு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் கேட்கும் உரிமை ஒன்றுதான்.

அவரிடமிருந்து இன்னொன்றும் கற்றுக்கொள்ளலாம். அவர் கண்டதை மூடி வைக்கவில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நீங்கள் கற்ற எழுத்தைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். கொடுத்தால் குறையாத சொத்து அது ஒன்றுதான்.

கூடிப் பேசுங்கள்

1. படிக்காமல் கைநாட்டு வைத்து நம் ஊரில் யாராவது ஏமாந்திருக்கிறார்களா? என்ன நடந்தது?

2. சிம்ப்யூட்டர் ஏன் மக்களிடம் பரவவில்லை? அதன் குரல் மட்டும் எப்படிப் பிழைத்தது?

3. உங்கள் போனில் "சம்மதம்" என்று எங்கெல்லாம் அழுத்தியிருக்கிறீர்கள்? ஒன்றை எடுத்து எல்லோரும் சேர்ந்து படித்துப் பாருங்கள்.